சுவரைக் கேட்டால் சுவர் சொல்லும்

கொளஞ்சிக்கு அந்தப் பாலிடெக்னிக்கில் என்னென்ன வேலை என்று சொல்வதைவிட, என்னென்ன வேலை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். சமையல் இல்லை. தோட்டம் இல்லை. மற்றதெல்லாம் உண்டு. நியமன ஆணையில் கம்ப்யூட்டர் துறை விரிவுரையாளர் என்று மட்டும்தான் போட்டிருந்தது. அதற்குப் பிறகு கழிந்த ஆறு வருஷத்தில் ஒவ்வொன்றாக அவன் மேல் வந்து ஏறிக்கொண்டன. பஸ் இன்சார்ஜ் அவன். தேர்வுப் பிரிவு அவன். ஆண்டு விழாவில் மைக் கீச்சிட்டால் தாளாளர் திரும்பிப் பார்ப்பது அவனை. கரண்ட் போனால் ஜெனரேட்டரை எந்த இடத்தில் உதைத்தால் கிளம்பும் என்பது அவன் காலுக்கு மட்டும் தெரியும். யாரும் அவனைக் கழுதை என்று சொன்னதில்லை. "கொளஞ்சி சாரை விட்டா வேற யாரு இருக்கா?" என்றுதான் சொன்னார்கள். பாரம் என்னவோ ஒன்றுதான்.

இதில் வேடிக்கை அவன் நடத்திய பாடம். இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங். அந்தப் பாடத்தின் சாரமே, எல்லா வேலையையும் ஒருத்தன் தலையில் கட்டாதே என்பதுதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, கடற்காற்றில் பெயர்ப்பலகையின் பாதி எழுத்து உதிர்ந்துபோன அந்தக் கட்டடத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில், அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரைத்தூக்கத்தில் இருக்கும் கொளஞ்சி அதைச் சொல்லிக்கொடுப்பான். கேட்பவர்களும் நம்பவில்லை, சொல்பவனும் கடைப்பிடிக்கவில்லை என்ற அளவில் அது மற்ற நல்லொழுக்கப் பாடங்களைப் போலத்தான் இருந்தது.

ஆனால் அவன் எழுதி வைத்திருந்த விளையாட்டு உண்மையிலேயே அழகானது. திரையில் சந்து சந்தாக ஒரு புதிர்வழி. அதில் ஒரு ஆள் புள்ளிகளைத் தின்றுகொண்டே போவான். நாலு பேய் துரத்தும். பிடித்தால் கதை முடிந்தது. முன்பு இருந்த விரிவுரையாளர் இதையே ஒரே நீளப் புரோகிராமாக எழுதிவிட்டுப் போயிருந்தார். எங்கே சுவர், எங்கே வழி, எந்தப் பேய் எந்தப் பக்கம் எல்லாம் அந்த ஒன்றுக்கே தெரியும். ஒரு வரியைத் தொட்டால் பேய் சுவருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கொளஞ்சி அதைக் கலைத்துப் போட்டுத் தனித்தனி கிளாஸாக, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் துண்டுகளாகப் பிரித்தான். கட்டம் ஒன்று. அதன் பிள்ளைகளாகச் சுவர், வழி, கதவு. நடமாடுகிறவன் ஒன்று. அதன் பிள்ளைகளாக ஆளும் பேயும்.

"ஆள் அடுத்த கட்டத்துக்குப் போவணும். யாரைக் கேக்கணும்?" என்பான் வகுப்பில்.

"உங்களை சார்" என்று பின்வரிசையிலிருந்து சிலம்பரசன் சொல்வான்.

"என்னை எதுக்குடா கேக்குற? அந்தக் கட்டத்தையே கேளு. வரலாமான்னு கேளு. சுவரா இருந்தா வராதேன்னு அதுவே சொல்லும். வழியா இருந்தா வான்னு சொல்லும். கதவா இருந்தா சாவி இருக்குதான்னு கேக்கும். அவ்ளோதான். நடுவுல பிரின்ஸ்பால் வந்து சொல்ல வேண்டியதில்ல."

ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். ஒவ்வொரு தடவையும் கொளஞ்சியும் கொஞ்சம் சிரிப்பான்.

பிரின்ஸ்பால் தட்சிணாமூர்த்தி கெட்டவர் அல்ல. ஒழுங்குப் பிரியர். தான் செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் கொளஞ்சியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் அது நடந்துவிட்டது என்ற நிம்மதியில் வாழ்பவர். நடந்தும்விடும் என்பதால் அந்தப் பழக்கம் மாறவில்லை. புதிய விளையாட்டைப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதி, திரையின் படத்தை அச்சடித்து ஒட்டி, கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. ஒருத்தன் படத்தில் ஆள் மேலே இருந்தான், இன்னொருத்தன் படத்தில் கீழே. வினிதா என்ற பெண்ணின் ரெக்கார்டில் ஆளே இல்லை, பேய் தின்றுவிட்டது.

"என்னாய்யா இது? ஒரே எக்ஸ்பெரிமென்ட்டு, ஆளுக்கொரு அவுட்புட்டு?"

"பேய் தோணுன பக்கம் போவும் சார். ரேண்டம். ஒவ்வொரு தடவையும் மாறும்."

"பேய் ஊர்ல எப்படி வேணா வரட்டும். ரெக்கார்டுல ஒரே மாதிரிதான் வரணும். பரீட்சைக்கு வெளியிலேருந்து எக்ஸ்டர்னல் வந்து கேட்டா நான் என்னா சொல்லுவேன்?"

வேறு ஊர்களில் இப்படி ஒரு கோரிக்கை எழுந்திருக்குமா தெரியவில்லை. கொளஞ்சி வாதாடவில்லை. வாதாடுவது இன்னொரு வேலை, ஏற்கெனவே இருப்பதே போதும். ரேண்டம் எண்கள் எல்லாம் ஒரு தொடக்க எண்ணிலிருந்து பிறக்கின்றன. அந்த எண்ணைக் கட்டிப்போட்டால் பிறப்பதும் கட்டுப்பட்டுவிடும். கல்லூரி ஆரம்பித்த வருஷத்தைத் தொடக்க எண்ணாகப் போட்டான். அன்றிலிருந்து பேய்கள் நாள் தவறாமல், இம்மி பிசகாமல், ஒரே வழியில் வந்தன. சிதம்பரம் டவுன் பஸ் ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. வலது, வலது, கீழே, இடது என்று ஒரு பாட்டுப்போல மனப்பாடம் செய்துகொண்டார்கள். அதற்கு 'ரூட்டு' என்று பெயர். சிலம்பரசன் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பான். விளையாட்டில் ஓடி ஒளிய ஒன்றுமில்லாமல் போனதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. ரெக்கார்டு எல்லாம் ஒன்றுபோல இருந்தன. தட்சிணாமூர்த்தி கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம்தான், 2009 தொடக்கத்தில், கொளஞ்சி அரசுப் பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் தேறினான். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டே படித்த படிப்பு எப்படித் தேறியது என்று அவனுக்கே விளங்கவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு சென்னையில், ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. அசல் சான்றிதழ்களோடு வராதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். வயது முப்பத்தாறு. இன்னொரு தேர்வு வைத்து, இன்னொரு தடவை தேறி என்பதெல்லாம் நினைத்தாலே கொட்டாவி வந்தது.

அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருந்தன. வேலைக்குச் சேரும் அன்றே எல்லாருடைய ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். நடுவருஷத்தில் யாரும் ஓடிவிடக் கூடாதே. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து பட்டம்வரை, ஆசிரியர்கள் அத்தனை பேரின் வாழ்க்கையும் ஒரு பச்சை இரும்பு பீரோவில் கவர் கவராக அடுக்கியிருந்தது. அந்தப் பீரோவுக்குச் சர்ட்டிபிகேட் செல் என்று பெயர். முன்பு ஒரு கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் பீரோவைத் தூக்கிக் கொளஞ்சியின் அறையில் வைத்து, சாவியையும் அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். விலக விரும்புகிறவர் கடிதம் கொடுத்து ஒரு மாதம் கழித்து ஒரிஜினலைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற விதியைத் தட்டச்சு செய்து பீரோக் கதவில் ஒட்டியதும் அவன்தான்.

ஜனவரியிலேயே கடிதம் கொடுத்துவிட்டான். தட்சிணாமூர்த்தி அதை வாங்கிப் படித்து, முகம் வாடி, "செய்யலாம், செய்யலாம்" என்றார். பிப்ரவரியில் கேட்டபோது, "உன் வேலையெல்லாம் யாரு பாப்பாங்கன்னு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போ" என்றார். மார்ச்சில், "பிராக்டிகல் முடியட்டும். எல்லாரும் பாஸாவட்டும். மறுநாளே நானே எடுத்துத் தரேன்."

எடுத்துத் தருவதற்கு அவரும் கொளஞ்சியிடம்தான் சாவி கேட்க வேண்டும். இது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில், சரிபார்ப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மனைவி வினோதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே விசாரணை நடத்தினாள். காடாம்புலியூர்க்காரி. முந்திரிக்கொட்டை உடைக்கிற ஊரில் பிறந்தவர்களுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஏங்க, வெள்ளிக்கிழமை போவணும். ஒரிஜினல் வந்துச்சா?"

"புதன்கிழமை பிராக்டிகல். முடிஞ்சதும் தரேன்னு இருக்காரு."

"மூணு மாசமா தரேன்னுதான் இருக்காரு. பேசாம கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடலாம். உங்க அம்மா அவரு பேரைத்தான உங்களுக்கு வெச்சிருக்காங்க? அந்த உரிமைக்காவது கேப்பாரு."

விருத்தாசலத்துப் பக்கம் மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பரிடம் அந்த வட்டாரமே பிராது கொடுக்கும். மாடு காணாமல் போனாலும், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும், யார் பேரில் புகார் என்று தாளில் எழுதி, கோவிலில் முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள். எதிராளி இருக்கும் தூரத்துக்குத் தக்கபடி தெய்வத்துக்குப் படி உண்டு. போய் விசாரிக்க வேண்டுமே.

வினோதினி கீரைக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

"சொல்லுங்க. எதிராளி பேரு?"

"பிரின்ஸ்பால் பேரை எழுது."

"சர்ட்டிபிகேட்டு அவருகிட்டயா இருக்குது?"

"அவருகிட்ட இல்ல. பீரோவுல இருக்குது."

"பீரோ எங்க இருக்குது?"

"என் ரூம்புல."

"சாவி?"

கொளஞ்சி ஆணியில் தொங்கிய பேண்ட்டைப் பார்த்தான். அதன் பையில் சாவிக்கொத்து புடைத்துக்கொண்டிருந்தது.

வினோதினி எழுதி முடித்து நீட்டினாள். எதிராளி: கொளஞ்சி, தகப்பனார் பெயர் தங்கராசு. "தூரமும் ஜாஸ்தி இல்ல" என்றாள். "சாமிக்கு அலைச்சல் மிச்சம்."

"நானே எடுத்துக்கிட்டா அது திருட்டு மாதிரி ஆயிடும் வினோ."

"உங்க பொருளை உங்க ரூம்புல உங்க சாவியால தொறந்து எடுக்குறதுக்குப் பேரு திருட்டா? எந்தப் படிப்புல இதைச் சொல்லிக்குடுத்தாங்க?"

எந்தப் படிப்பிலும் இல்லை. அவன் நடத்தும் படிப்பில் நேர்மாறாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. எதிராளியாகப் பெயர் எழுதப்பட்டவன் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை.

புதன்கிழமை எக்ஸ்டர்னலாக வந்தவர் மாலதி மேடம், சிதம்பரத்தில் வேறொரு பாலிடெக்னிக்கில் வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். மோர் குடித்தார், மின்விசிறிக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார், ரெக்கார்டுகளைப் புரட்டினார். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கொளஞ்சியைப் பார்த்தார். கொளஞ்சி தரையைப் பார்த்தான். ஆளுக்கு ஆள் அச்சடித்தாற்போல இருக்கும் ரெக்கார்டுகளை அவரும் தம் கல்லூரியில் பார்ப்பவர்தான், ஆகையால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எல்லாரும் கேம் ஓட்டுறீங்களா? சரி. இருக்குற நாலு பேயோட அஞ்சாவதா ஒண்ணு சேருங்க. சேத்துட்டு ஓட்டிக் காட்டுங்க."

கொளஞ்சிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தனித்தனியாகப் பிரித்து எழுதியதன் பலனே அதுதானே. பேய் கிளாஸ் இருக்கிறது, இன்னொரு பேயை உண்டாக்கப் பட்டியலில் ஒரு வரி போதும். சுவரையோ ஆளையோ தொட வேண்டாம். பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒரு வரியைச் சரியாக எழுதினார்கள். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற மாதிரியான சந்தோஷம் அவனுக்குள் மெல்ல எழுந்து வந்தது.

அப்புறம் ஓட்டினார்கள்.

பேய்கள் எல்லாம் எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரே குடத்திலிருந்து முறைவைத்துத் திருவுளச்சீட்டு எடுப்பவை. நாலு பேர் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஐந்தாவதாக ஒருத்தன் கைவிட்டால், யாருக்கு எந்தச் சீட்டு என்பதே தலைகீழாகிவிடும். பிள்ளைகள் வழக்கம்போல ரூட்டை முணுமுணுத்துக்கொண்டு வலது, வலது, கீழே என்று போனார்கள். பேய் எதிரே நின்றது. சிலம்பரசன் கண்ணைத் திறந்தபோது செத்துக் கிடந்தான்.

"டேய், பேய் ரூட்டை மாத்திடுச்சுடா!" என்று ஒரு குரல்.

மாலதி மேடம் எழுந்து வந்தார். "என்னா மாத்துன?"

"ஒரே வரிதான் மேடம். பேய் ஒண்ணு சேத்தேன்."

"வேற எதையும் தொடலியே?"

"தொடல மேடம்."

"அப்புறம் ஏன் செத்த?"

சிலம்பரசன் யோசித்தான். "ரெக்கார்டுல சாவல மேடம்."

மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். களைத்த ஆள் சிரிக்கிற சிரிப்பு, நிறுத்துவதற்கும் தெம்பில்லாத சிரிப்பு. "மாத்துனது சரி. எல்லாரும் பாஸு" என்று கொளஞ்சியிடம் சொல்லிவிட்டு மதிப்பெண் போட உட்கார்ந்தார்.

சரியாக அந்த நேரத்தில்தான் தட்சிணாமூர்த்தி லேபுக்குள் நுழைந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு திரையிலும் கேம் ஓவர், கேம் ஓவர் என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் ஆசைப்பட்டபடியே அறுபது பேருக்கும் ஒரே அவுட்புட். அதுவும் தோல்வி என்று எழுதிக் காட்டியது. கொளஞ்சியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்னாய்யா, மொத்தமா ஊத்திக்கிச்சா?"

"இல்ல சார். எல்லாரும் பாஸு. அது விளையாட்டுல வர்றது."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா? ரிசல்ட்டு ஜூன்ல வரும்ல, வரட்டும். பாஸுன்னு என் கண்ணால பாத்தப்புறம் உன் ஒரிஜினலைப் பத்திப் பேசலாம்."

கொளஞ்சி விளக்க வாயைத் திறந்தான். கேம் ஓவர் என்பது பரீட்சையின் முடிவு அல்ல என்பதை எங்கிருந்து தொடங்குவது? பேயிலிருந்தா, குடத்திலிருந்தா, ரெக்கார்டு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இவர் சொன்ன நாளிலிருந்தா?

வியாழக்கிழமை காலையில் அறைக்கு வந்து, பையை வைத்துவிட்டு, பச்சைப் பீரோவின் முன்னால் நின்றான். தான் தட்டச்சு செய்து ஒட்டிய தாளை ஒரு தடவை படித்தான். கடிதம் கொடுத்து ஒரு மாதம். கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மூன்று மாதமாக வழியே இல்லாத இடத்தில் போய் வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது புரிந்தது. கேட்க வேண்டிய கட்டம் இது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவனும் அவனேதான். வகுப்பில் இதைச் சொல்லித்தான் சிரிக்க வைத்தான்.

திறந்தான். பிசைந்த மாவு மாதிரி ஒரு பழைய காகித வாசனை. 'க' வரிசையில் அவன் கவர் இருந்தது. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான், தூக்கம்தான் வந்தது. கவரை எடுத்துக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தான்: கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, பெற்றவர் என்ற இடத்தில் அதே கையெழுத்து. பீரோவைப் பூட்டினான்.

பக்கத்து அறையில் ரேகா மேடம் விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இரண்டு வருஷம் இளையவள், அதே துறை. சாவியை மேஜைமேல் வைத்தான்.

"இனிமே சர்ட்டிபிகேட் செல் நீங்க பாத்துக்குங்க மேடம்."

ரேகா சாவியையும் அவன் கையிலிருந்த கவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், என்னோடதும் அந்தப் பீரோவுலதான இருக்குது."

"லெட்டர் குடுத்து ஒரு மாசம் ஆச்சா?"

"நான் லெட்டரே குடுக்கலியே சார்."

"அப்ப ஒரிஜினலைக் குடுக்காதீங்க."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

ரேகா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை எடுத்துத் தன் பையில் போட்டாள். ஒரு வெள்ளைத்தாளையும் தேடி எடுத்தாள். லெட்டர் எழுதத்தானா என்று கொளஞ்சி நின்று பார்க்கவில்லை. அது அவன் வேலை இல்லை என்பதே அவனுக்குப் புதுசாக இருந்தது.

மதியம் சென்னை பஸ் ஏறினான். கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பியில் தலை முட்டத் தூங்கினான். திண்டிவனம் தாண்டியதும் போன் அடித்தது.

"எங்கய்யா இருக்க? மூணாம் நம்பர் பஸ்ஸு நிக்குது, டிரைவரைக் காணோம். பொண்ணுங்க எல்லாம் வெயில்ல நிக்குதுங்க. சாமிக்கண்ணுவுக்கு ஒரு போன் போடு."

ஆறு வருஷமாக நடக்கிற சங்கதி. பிரின்ஸ்பால் கொளஞ்சியிடம் சொல்வார், கொளஞ்சி சாமிக்கண்ணுவுக்குச் சொல்வான். சாமிக்கண்ணு இருக்கும் டீக்கடை பிரின்ஸ்பால் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

"ஜன்னல் வழியா நீங்களே கூப்புடுங்க சார். கேக்கும்."

"நானா?"

"ஆமா சார். அவரையே கேளுங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, தூரத்தில், "யோவ் சாமிக்கண்ணு!" என்று ஒரு பழக்கமில்லாத கூப்பாடு. "தோ வந்துட்டேன் சார்!" என்று பதில். கொஞ்ச நேரத்தில் பஸ் உறுமியது.

"வந்துட்டான்யா" என்றார் தட்சிணாமூர்த்தி. அவர் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "ஆமா, நீ எங்க இருக்க?"

"திண்டிவனம் தாண்டிட்டேன் சார். நாளைக்குச் சரிபார்ப்பு."

"ஒரிஜினல் இல்லாம போய் என்னா பண்ணுவ?"

"இருக்குது சார். சர்ட்டிபிகேட் செல்லுல கேட்டேன், குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

"அங்க இருந்த ஆளு சார். அவரும் இன்னிக்குக் காலையோட பொறுப்பை ஒப்படைச்சிட்டாரு."

திட்டப்போகிறார் என்று கொளஞ்சி காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் மின்விசிறி ஓய்ந்து நிற்கும் சத்தம்தான் வந்தது. மாலை மின்வெட்டு நேரம்.

"கொளஞ்சி" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "அந்த ஜெனரேட்டரு..."

எதை வேண்டுமானாலும் அதனிடமே கேட்கலாம் என்று ஆறு வருஷம் நடத்தியவன்தான். ஆனால் அந்த ஜெனரேட்டர் யார் கேட்டும் பதில் சொன்னதில்லை. எந்தப் பக்கம், எந்தப் போல்ட்டுக்குக் கீழே, எவ்வளவு ஓங்கி உதைக்க வேண்டும் என்று கொளஞ்சி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கவரை இறுக்கிக்கொண்டு, மறுபடி கம்பியில் தலையைச் சாய்த்தான்.